மரத்தடியில் ஒரு மனிதன்

எங்கள் மத்தியில் ஓவியம் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் ஒரு சமாதானம் தயாராக இருக்கும். "மரம், செடி, கொடி வரையலாம். அதில் பிரச்சினை இல்லை." இதற்கு ஆதாரமும் உண்டு. ஓவியம் தீட்டிப் பிழைக்கும் ஒருவர் இப்னு அப்பாஸ் (ரழி) அவர்களிடம் வந்து தன் தொழிலைச் சொல்லி வழி கேட்டதையும், வரைந்துதான் தீரவேண்டுமென்றால் மரத்தையும் உயிரில்லாதவற்றையும் வரையலாம் என்று அவர்கள் வழி காட்டியதையும் புகாரியிலும் முஸ்லிமிலும் காண்கிறோம். அந்த அனுமதியின் சட்டப் பக்கத்தை உலமாக்களிடம் விட்டுவிடுகிறேன். அது எங்கள் ரசனைக்கு என்ன செய்தது என்பதே என் கேள்வி.

அது மரத்தை ஒரு வம்பில்லாத விஷயமாக்கிவிட்டது என்பது என் எண்ணம். பாடசாலைச் சித்திரப் பாடத்தில் இரண்டு மலை, நடுவில் சூரியன், ஓரத்தில் ஒரு தென்னை. கலியாணக் கார்டில் ஒரு கொடி. நாட்காட்டியில் ஒரு சோலை. எங்கள் சஞ்சிகைகளின் அட்டையில் ஒரு பேரீச்சை. மனிதன் இருக்கும் படத்தைப் பார்த்தால் இவன் யார், ஏன் இங்கே நிற்கிறான் என்று கேட்கிறோம். மரம் மட்டும் இருக்கும் படத்தைப் பார்த்தால் "வடிவாக இருக்கிறது" என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டுகிறோம்.

முன்னோர் இத்தனை அலட்சியமாக இருக்கவில்லை. தாபியீன்களில் ஒருவரான முஜாஹித் கனி தரும் மரங்களை வரைவதை விரும்பவில்லை என்று இமாம் நவவி எழுதுகிறார். பெரும்பான்மை அறிஞர்கள் அதை ஏற்கவில்லை. ஆனால் கனி தரும் மரம் வெறும் உயிரற்ற பொருள் என்ற வரிசையில் அடங்கிவிடாது என்று ஒரு மனம் அப்போதே தயங்கியிருக்கிறது. இன்னொன்றையும் நினைத்துப் பார்க்கலாம். நபி (ஸல்) அவர்கள் மஸ்ஜிதுந் நபவியில் ஒரு பேரீச்ச மரக்குற்றியில் சாய்ந்து குத்பா ஓதி வந்தார்கள். மிம்பர் செய்து அங்கே மாறியதும் அந்தக் குற்றி அழுதது. அவர்கள் இறங்கி வந்து அதைத் தடவி அமைதிப்படுத்தினார்கள். இதுவும் புகாரியில் உள்ளதுதான். மரத்தை வரைய அனுமதித்த அதே மரபு, பிரிவுக்காக அழுத ஒரு மரத்தையும் தன் நினைவில் வைத்திருக்கிறது. இந்த இரண்டையும் ஒன்றாக வைத்துக்கொண்டு ஒரு மரச் சித்திரத்தை எப்படிப் பார்ப்பது என்பதை இங்கே எழுதிப் பார்க்க விரும்புகிறேன்.

*

நான் எடுத்துக்கொள்ளும் ஓவியம் ஜஹாங்கீருடைய சித்திரக்கூடத்தைச் சேர்ந்தது. 1605க்கும் 1608க்கும் இடைப்பட்ட காலம் என்று கணிக்கிறார்கள். ‘சினார் மரத்தில் அணில்கள்’ என்ற பெயரில் இப்போது இலண்டனில், பிரித்தானிய நூலகத்தில் இருக்கிறது. கிழக்கிந்தியக் கம்பனி அதிகாரியான ரிச்சர்ட் ஜோன்சன் இந்தியாவில் சேர்த்த ஏடுகளோடு அது 1807இல் கம்பனியின் நூலகத்துக்குப் போயிற்று. கம்பனி போய், இந்தியா அலுவலகம் போய், கடைசியில் தேசிய நூலகத்தின் சொத்தாயிற்று.

வரைந்தவர் அபுல் ஹசன் என்பது பெரும்பாலானோர் கருத்து. பின்பக்கத்தில் எழுதப்பட்டிருக்கும் பட்டப்பெயர் உஸ்தாத் மன்சூருக்கு உரியது. ஆகவே இருவரும் சேர்ந்து வரைந்திருக்கலாம் என்போரும் உண்டு. அபுல் ஹசனின் தகப்பனார் ஆகா ரிஸா பாரசீகத்திலிருந்து வந்து, இளவரசர் சலீமாக இருந்த காலத்திலேயே ஜஹாங்கீரிடம் சேர்ந்தவர். மகன் 1600இல், தன் பதின்மூன்றாவது வயதில், ஜேர்மனிய ஓவியர் டியூரரின் அச்சுச் சித்திரம் ஒன்றில் இருந்த உருவத்தைப் பார்த்து வரைந்த கோட்டுச் சித்திரம் ஒக்ஸ்போர்டில் இருக்கிறது. அந்தக் கணக்கில் மரத்தை வரையும்போது அவருக்கு இருபது வயதுக்கு முன்பின்தான். ‘நாதிருஸ் ஸமான்’ என்ற பட்டம் 1618இல் கிடைத்தது.

ஏட்டின் பெரும்பகுதியை ஒற்றை மரம் நிரப்பி நிற்கிறது. சினார் மரத்தின் இலை கைவிரல் விரித்ததைப் போன்றது. இங்கே இலைகள் பச்சை, மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று எல்லாப் பருவத்தையும் ஒரே நேரத்தில் காட்டுகின்றன. கிளைகளில் செந்நிற அணில்கள் ஓடித் திரிகின்றன. வானம் பொன். மரத்தின் அடியில் ஒரு மனிதன். வெறுங்காலோடு அடிமரத்தைப் பற்றி ஏற முயல்கிறான். அவனைச் சுற்றிப் பாறைகள், பறவைகள்.

இதில் ஒரு புதினம் இருக்கிறது. சினார் ஆக்ராவின் மரமன்று. அது பாரசீகத்திலும் கஷ்மீரிலும் வளர்வது. அணில்களோ இந்தியாவில் எங்கும் இல்லாத ஐரோப்பியச் செவ்வணில்கள். ஜஹாங்கீரின் மிருகக்காட்சிச் சாலைக்கு யாரோ கொண்டுவந்து கொடுத்தவற்றை ஓவியர் பார்த்திருக்க வேண்டும் என்கிறார்கள். அதாவது இந்தப் படத்தில் உள்ள மரமும் அந்த ஊரில்லை. அதில் வாழ்பவையும் அந்த ஊரில்லை. வரைந்தவரின் குடும்பமும் ஒரு தலைமுறைக்கு முன் வேறிடத்தில் இருந்தது. இடம்பெயர்ந்தவை எல்லாம் ஒரு மரத்தில் கூடி அங்கேயே பிறந்து வளர்ந்தவைபோல் இருக்கின்றன.

*

இதற்குச் சொல்லப்படும் குறியீட்டு விளக்கங்கள் பலவற்றை நாமே ஊகிக்கலாம். மரம் ராச்சியம், அணில்கள் குடிகள், ஏறுபவன் எதிரி. அல்லது, மரம் மெய்ஞ்ஞானம், அணில்கள் எட்டாத அனுபவங்கள், ஏறுபவன் முரீது. அல்லது, மரம் ஆயுள், உதிரப்போகும் இலைகள் நாட்கள், ஏறுபவன் மவுத்து. மூன்றும் பொருந்துகின்றன. மூன்றும் பொருந்துவதே எனக்குச் சந்தேகத்தைத் தருகிறது. எந்தப் பூட்டையும் திறக்கும் சாவியால் எந்த வீட்டையும் அடையாளம் காண முடியாது.

இதற்கு நல்ல உதாரணம் பலஸ்தீனத்தில் எரிகோவுக்கு அருகே உள்ள கிர்பத் அல்-மஃப்ஜர். உமையாக்களின் மாளிகை; 749ஆம் ஆண்டுப் பூமியதிர்ச்சியில் சிதைந்தது. அதன் குளியல் மண்டபத்தோடு ஒட்டிய சிறு அறையின் தரையில் பதிகற்களால் ஒரு கனிமரம் செய்யப்பட்டிருக்கிறது. ஒரு பக்கம் இரண்டு மான்கள் அமைதியாக மேய்கின்றன. மறுபக்கம் ஒரு சிங்கம் மூன்றாவது மானைப் பிடித்து வீழ்த்துகிறது. அடிபணிந்தோருக்கு அமைதி, எதிர்த்தோருக்கு வாள் என்று அரசியலாகப் படித்தவர்கள் உண்டு. காமத்தின் சித்திரம் என்று படித்தவர்களும் உண்டு. இரு சாராரும் மான்களையும் சிங்கத்தையும்தான் படித்தார்கள். நடுவில், இரண்டு பக்கத்துக்கும் ஒரே மாதிரி நிழல் கொடுத்துக்கொண்டு நிற்கும் மரத்தை அதிகம் பேர் கேட்கவில்லை. எனக்கு அந்தத் தரையின் துக்கம் மரத்தில்தான் இருக்கிறது. அது எதையும் தடுக்கவில்லை. அது எதையும் விட்டு விலகவுமில்லை.

இந்த வேறுபாட்டைப் பேச நம்மிடம் பழைய சொற்கள் இருக்கின்றன. தொல்காப்பியம் உள்ளுறை என்றும் இறைச்சி என்றும் இரண்டைப் பேசுகிறது. இரண்டும் கருப்பொருளிலிருந்து, அதாவது ஒரு நிலத்தின் மரம், விலங்கு, பறவை போன்றவற்றிலிருந்து பிறப்பவை. உள்ளுறையில் இதற்கு இது என்று ஒப்பிட்டுவிடலாம்: வண்டு தலைவன், பூ தலைவி. இறைச்சி அப்படிக் கணக்குத் தீர்ப்பதில்லை. சொன்ன பொருளுக்குப் புறத்தே கசிந்து நிற்கும். உரையாசிரியர்கள் இவற்றைப் பல விதமாக விளக்கினாலும் ஓவியம் பார்ப்பவனுக்கு இந்தப் பிரிவு மிகவும் உதவுகிறது. நாம் குறியீடு என்று தேடுவது பெரும்பாலும் உள்ளுறை. ஒரு படத்தின் மனநிலை என்று உணர்வது இறைச்சி. அபுல் ஹசனின் மரத்துக்கு உள்ளுறை தேடினால் மூன்று விடை, முப்பது விடை கிடைக்கும். இறைச்சி ஒன்றுதான்: ஏற முடியுமா என்ற கேள்வி முடிவில்லாமல் அங்கே தொங்கிக்கொண்டிருக்கிறது.

அந்தப் பொன்வானத்தைப் பாருங்கள். அதில் காலையுமில்லை, மாலையுமில்லை. நிழல் எந்தப் பக்கம் விழும் என்று சொல்ல முடியாது. நேரம் நின்றுவிட்ட இடத்தில் ஒருவன் கால் எடுத்து வைக்கிறான். இலைகள் பழுத்திருக்கின்றன, ஆனால் விழவில்லை. அவன் ஏறத் தொடங்கிவிட்டான், ஆனால் ஏறவில்லை. பார்ப்பவனுக்கு வரும் மெல்லிய பதற்றம் இந்த இரண்டு ‘ஆனால்’களுக்கும் நடுவில் இருக்கிறது.

*

இதன் அச்சுப்பிரதியை நான் அதிகம் பார்த்தது நெடுங்கேணியில் வைத்துத்தான். வவுனியா வடக்கில், புளியங்குளத்திலிருந்து முல்லைத்தீவுக்குப் போகும் பாதையில் உள்ள ஊர் அது. பாலையும் முதிரையும் வீரையும் விண்ணாங்கும் நிற்கும் காடு ஊரைச் சுற்றி இருக்கிறது. 1997 மே மாதம் ஜயசிக்குறுயி நடவடிக்கையில் இராணுவம் வந்ததும், 1999 நவம்பரில் புலிகள் மீண்டும் பிடித்ததும், பின்னர் இறுதிப் போரும் என்று அந்த ஊர் பல தடவை வெறிச்சோடியது. சினாரைப் பார்த்து வியக்கத்தக்க கண் அந்த ஊருக்கு இல்லை. அங்கே மரம் என்பது அன்றாடம்.

அங்கே ஒரு முதியவரிடம் படத்தைக் காட்டி, "இவன் என்ன செய்கிறான்?" என்று கேட்டேன். வேட்டைக்காரன் அணில் பிடிக்க ஏறுகிறான் என்றுதான் நூல்கள் சொல்கின்றன என்றும் சொன்னேன். அவர் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தார்.

"தம்பி, உவன் வேட்டைக்காரன் இல்லை. வேட்டைக்காரன் மரத்தில ஏறுவானே? கீழ நிண்டு மேல பாப்பான். உவன் தேனுக்குப் போறான். இல்லாட்டி வழி தெரியாமல் ஏறிப் பாக்கிறான்."

அவர் சொன்னது கலை வரலாறு ஆகாது. ஆனால் ஒரு விமர்சகன் கேட்டிருக்கவேண்டிய கேள்வியை அவர் கேட்டுவிட்டார். ‘வேட்டைக்காரன்’ என்ற சொல் எங்கே இருக்கிறது? படத்தில் இல்லை. முகலாய ஏடுகளுக்கு ஓவியர்கள் இப்படித் தலைப்பிட்டு வைப்பதில்லை. பட்டியல் எழுதியவர்கள் பின்னால் வைத்த பெயர்களே இன்று நாம் வழங்குபவை. அவர்கள் அவனை வேட்டைக்காரன் என்று எழுதியதும் மரம் முழுவதும் அணில்களின் பக்கம் சாய்ந்துவிடுகிறது. ஏறுபவன் அழிக்க வந்தவனாகிறான். தேனெடுப்பவன் என்று எழுதியிருந்தால் அதே கை, அதே வெறுங்கால், அதே மரம் வேறொரு மனநிலையைத் தந்திருக்கும். வழி தவறியவன் என்று எழுதியிருந்தால் நாம் அவனுக்காகக் கவலைப்பட்டிருப்போம். ஒரு மரச் சித்திரத்தின் உணர்வு, மரத்தடியில் நிற்பவனுக்கு நாம் வைக்கும் பெயரில் தங்கியிருக்கிறது.

வன்னியின் பாலை மரத்தைப் பற்றியும் ஒரு சொல். பாலை என்றதும் இலக்கியம் படித்தவனுக்குப் பிரிவும் வெம்மையும் நினைவு வரும். ஐந்திணையில் அது பிரிதலின் பெயர். திணைக்குப் பெயர் தந்த பாலை வேறு செடி என்பார்கள். வன்னிப் பாலை அதுவன்று. இது வறட்சியைத் தாங்கி உயரமாக வளர்ந்து, வைரம் பாய்ந்து, ஆனி ஆடியில் மஞ்சள் நிறமாகச் சிறிய இனிப்புப் பழம் தருவது. தின்றால் உதடு ஒட்டும். கரடியும் குரங்கும் மனிதரும் அதற்குப் போட்டி. பெயரில் பிரிவும் கையில் இனிப்புமாக நிற்கும் மரம். முல்லைத்தீவு என்ற பெயரிலோ முல்லை இருக்கிறது. முல்லைக்கு உரிப்பொருள் இருத்தல், காத்திருத்தல். 1990 ஒக்டோபரில் வடக்கின் ஐந்து மாவட்டங்களிலும் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகளிலிருந்து முஸ்லிம்கள் ஏறத்தாழ 75,000 பேர் சில நாட்களுக்குள் வெளியேற்றப்பட்டபோது, முல்லைத்தீவு முஸ்லிம்களும் முல்லையை விட்டு இந்தப் பாலைக் காடுகளைக் கடந்துதான் வெளியே போனார்கள். இதை நான் அலங்காரத்துக்காகச் சொல்லவில்லை. எங்கள் இலக்கணம் நிலத்தையும் மரத்தையும் உணர்வையும் ஒரே சொல்லால் அழைக்கிறது. அதனால் வன்னியின் மரம் ஒன்றை உணர்வை நீக்கிவிட்டு வரைவது எங்களுக்குச் சாத்தியமில்லை.

*

மனிதரே இல்லாத மரங்களும் இஸ்லாமியக் கலையில் உண்டு. திமிஷ்கின் உமையா பள்ளிவாசல் சுவர்களில், கலீபா வலீதின் காலத்தில் (705–715) பதிக்கப்பட்ட சித்திரங்கள் அவற்றில் தலையானவை. பரதா நதி என்று சொல்லப்படும் ஓர் ஆறு, கரையில் பெரிய மரங்கள், மரங்களுக்கு நடுவே அடுக்கடுக்கான வீடுகள், மாடங்கள். ஒரு மனிதர் இல்லை. ஒரு பறவைகூட இல்லை. நெடுங்காலம் சாந்துப் பூச்சின் அடியில் மறைந்திருந்து 1920களின் இறுதியில் மீண்டும் வெளிப்பட்டன. சுவனபதி என்று சிலர் படிக்கிறார்கள். இஸ்லாத்தின் கீழ் வந்த ஊர்களின் சித்திரம் என்று சிலர். பத்தாம் நூற்றாண்டுப் பூகோளவியலாளர் முகத்தஸியும் அந்தச் சுவர்களில் மரங்களையும் நகரங்களையும் கண்டு எழுதியிருக்கிறார்.

சுவனம் என்று நம்பிப் பார்த்தால் அந்த வெறுமை நிம்மதி. இன்னும் வராத மக்களுக்காக ஆயத்தமாக இருக்கும் வீடுகள். ஆனால் வன்னியையோ முசலியையோ யாழ்ப்பாணத்துச் சோனகதெருவையோ 2009க்குப் பிறகு கண்ட ஒருவனுக்கு, மரங்கள் செழித்து வீடுகளில் ஆளில்லாத காட்சி சுவனத்தை நினைவூட்டாது. ஆள் வராத வீட்டை மரம் எப்படி எடுத்துக்கொள்ளும் என்று எங்களுக்குத் தெரியும். முதலில் முற்றத்தில் பற்றை. பிறகு கூரை போன இடத்தால் ஒரு வேம்பு. சுவர் வெடிப்பில் ஆல். பத்தொன்பது வருடத்தில் அது காடு. ஆகவே ஒரே சித்திரம் ஒருவனுக்கு வரப்போகும் வாழ்வு, இன்னொருவனுக்குப் போய்விட்ட வாழ்வு. வெறுமையின் பொருள் பார்ப்பவன் எங்கிருந்து வருகிறான் என்பதைப் பொறுத்தது.

நம் காலத்து ஓவியர்கள் இதை அறிந்திருக்கிறார்கள். முஹனத் காதர் நிலக்காட்சியை வழக்கமான நீள்சதுரச் சட்டத்துக்குள் அடைக்க மறுத்து, கோணல்மாணலான வடிவங்களாக வெட்டித் தருபவர். சட்டம் போட்டுப் பார்ப்பதே ஆள வந்தவனின் பார்வை என்ற உணர்வு அதற்குள் இருக்கிறது. தாமோதரம்பிள்ளை சனாதனனின் ‘முற்றுப்பெறாத தோம்பு’ 2011இல் நூலாக வந்தது. ஒல்லாந்தர் காலத்துக் காணிப் பதிவேட்டின் பெயரை எடுத்துக்கொண்டு, இடம்பெயர்ந்த தமிழ் பேசும் மக்கள் தாம் இழந்த வீடுகளை நினைவிலிருந்து வரைந்த தரைப்படங்களையும், அவற்றைக் கட்டடக் கலைஞரின் வரைபடமாகத் திருத்திய தாள்களையும், தன் சித்திரங்களையும் அதில் அடுத்தடுத்து வைத்தார். ஓவியப் பயிற்சி இல்லாதவர்கள் வரைந்த அந்தக் கோடுகளுக்கு முன் நான் நெடுநேரம் நின்றிருக்கிறேன். தன் வளவை நினைவிலிருந்து வரைபவன் சுவரின் நீளத்தில் தடுமாறுவான். கிணறு எங்கே, மா எங்கே, முருங்கை எந்த மூலையில் என்பதில் தடுமாறமாட்டான். மீளத் திரும்பிய பலர் எல்லைக்கல் இல்லாத காணியைக் கிணற்றையும் மரத்தையும் வைத்தே கண்டுபிடித்தார்கள். உறுதி தொலைந்த இடத்தில் மரமே உறுதி.

*

இங்கேதான் மரச் சித்திரத்தைப் படிப்பது வெறும் ரசனை விவகாரமாக நின்றுவிடாமல் எங்கள் வாழ்வுக்குள் வருகிறது.

போர் முடிந்து மன்னார் முசலிப் பகுதி முஸ்லிம்கள் மறிச்சுக்கட்டி, கரடிக்குளி, பாலைக்குளி என்று தம் ஊர்களுக்குத் திரும்பியபோது அங்கே காடு நின்றது. 2012இல் அப்பகுதிகள் வனபரிபாலனத் திணைக்களத்தின் ஒதுக்குக் காடுகளாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டிருந்தன. 2015இல் வில்பத்துவை அழிக்கிறார்கள் என்ற பெரும் கூச்சல் எழுந்தது. 2017 மார்ச்சில் மாவில்லு பாதுகாப்பு வனம் என்று இன்னொரு வர்த்தமானி. 2020 நவம்பரில் மேன்முறையீட்டு நீதிமன்றம், மீள்குடியேற்றத்துக்காக வெட்டப்பட்ட காட்டுக்கு ஈடாக முன்னாள் அமைச்சர் ரிஷாத் பதியுதீன் தன் செலவில் மரம் நாட்டவேண்டும் என்று தீர்ப்பளித்தது. தீர்ப்பின் சட்ட நியாயத்துக்குள் நான் போகவில்லை. காட்டைப் பற்றிய கவலை பொய் என்றும் சொல்லவில்லை. முதிரை களவாக ஏற்றப்படுவதும், காடு போனால் குளத்துக்கு நீர் வராது என்பதும் வன்னியில் வாழ்பவனுக்கு யாரும் கற்பிக்கத் தேவையில்லாத விஷயங்கள்.

நான் பேசுவது அந்தக் காலத்தில் பத்திரிகைகளிலும் தொலைக்காட்சியிலும் திரும்பத் திரும்பக் காட்டப்பட்ட படங்களைப் பற்றி. அடர்ந்த பச்சை, நடுவே சிவந்த மண், வெட்டுண்ட அடிமரம், தூரத்தில் ஒரு தொப்பி போட்ட மனிதன். அது அபுல் ஹசனின் சித்திர அமைப்பேதான். பெரிய மரம், அடியில் சிறிய மனிதன். கீழே பட்டியல் எழுதியவர் ‘வேட்டைக்காரன்’ என்று எழுதிவிட்டார். அவன் அங்கே பிறந்தவன் என்பதும், மரத்துக்கு அடியில் அவனுடைய கிணறு தூர்ந்து கிடக்கிறது என்பதும், 1990இல் அவன் வெறுங்காலோடு அதே வழியால் போனவன் என்பதும் படத்தின் சட்டத்துக்கு வெளியே விழுந்துவிட்டன. மரத்தின் குற்றமற்ற தோற்றம் மனிதனைக் குற்றவாளியாக்கப் பயன்பட்டது. மரத்தை வம்பில்லாத விஷயம் என்று இத்தனை காலமும் பார்த்துப் பழகிய நாங்கள் அந்தப் படத்துக்குப் பதில் சொல்லத் தெரியாமல் நின்றோம். அறிக்கை விட்டோம், ஊர்வலம் போனோம். படத்தைப் படித்துக் காட்ட எங்களிடம் ஆள் இருக்கவில்லை.

அதே நெடுங்கேணிப் பிரதேசத்தில், ஒலுமடுவில், வெடுக்குநாறி மலை இருக்கிறது. அங்கே வழிபட்டு வந்த தமிழ் மக்கள் தொல்பொருள் திணைக்களத்தின் தடைகளோடு வருடக்கணக்காக மல்லுக்கட்டுகிறார்கள். 2023 மார்ச்சில் விக்கிரகங்கள் பெயர்த்து வீசப்பட்டுக் கிடந்தன. 2024 மார்ச்சில் சிவராத்திரிக்குப் போனவர்களில் எட்டுப்பேர் கைதாகிப் பின்னர் விடுவிக்கப்பட்டார்கள். அங்கேயும் காடு, மலை, தொன்மை என்று ஓர் அழகிய சித்திரம். அதற்குள் விளக்கேற்றப் போனவன் அத்துமீறி நுழைந்தவன். முசலியில் எங்களுக்கு நடந்ததை நாங்கள் அறிந்திருப்பதால் ஒலுமடுவில் அவர்களுக்கு நடப்பது எங்களுக்கு விளங்கவேண்டும். 1990ஐப் பற்றி அவர்கள் எங்களோடு பேசவேண்டியது இன்னும் நிறைய இருக்கிறது. அந்தப் பேச்சு முடியும் வரை காத்திருந்துதான் இதை விளங்கிக்கொள்வது என்று நான் நினைக்கவில்லை. ஒரே காட்டின் மரத்தடியில் இரு சமூகத்தவரும் அதே பெயர் சூட்டப்பட்டு நிற்கிறோம்.

*

கடைசியாக எங்கள் வீட்டு விஷயம். எங்கள் கவிதைகளிலும் அட்டைகளிலும் பேரீச்சை அளவுக்கு மிஞ்சி நிற்கிறது. காத்தான்குடிப் பிரதான வீதியில் நாட்டப்பட்டபோது அதைப் பார்த்து முகம் சுளித்தவர்களோடு நான் சேரமாட்டேன். சினார் ஆக்ராவுக்கு வந்தது போல எந்த மரமும் எங்கும் வரலாம். வந்த மரத்திலும் அணில் ஓடும். என் மனக்குறை வேறு. பேரீச்சை எங்களிடம் உள்ளுறையாக மட்டும் வருகிறது: பேரீச்சை என்றால் இஸ்லாம், முடிந்தது. அதன் அடியில் யாரும் நிற்பதில்லை. அதில் யாரும் ஏறுவதில்லை. அழுத குற்றியின் நினைவுகூட அதில் இல்லை. ஹுதைபியாவில் பைஅத் நடந்த மரத்தை மக்கள் தேடிப் போய்ச் சிறப்பிக்கத் தொடங்கியபோது உமர் (ரழி) அவர்கள் அதை வெட்டச் செய்தார்கள் என்று வரலாற்று நூல்கள் சொல்கின்றன. குறியீடு மரத்தை விழுங்கிவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடக் கடுமையான விமர்சனம் எனக்குத் தெரியாது.

வெளியேற்றத்தை எழுதிய எங்கள் கவிஞர்களில் நல்லவர்கள் தம் ஊர் மரங்களைப் பெயர் சொல்லி எழுதினார்கள். மற்றவர்கள் ‘மரம்’ என்று பொதுவாக எழுதி, அதற்குக் கண்ணீரை மட்டும் சேர்த்தார்கள். வித்தியாசம் அங்கேதான். விளாத்தியா, பாலையா, நாவலா என்று எழுதாதவன், நிலத்தையும் எழுதவில்லை. ஆகவே பிரிவையும் எழுதவில்லை. புத்தளத்தில் பிறந்து வளர்ந்த இளையோர் இன்று தாம் காணாத ஊரைப் பற்றி எழுதுகிறார்கள். அவர்களுக்கு உம்மாவும் வாப்பாவும் சொல்லிக்கொடுத்த வளவின் வரைபடம் ஒன்று இருக்கும். அதில் மரங்கள் எங்கெங்கே நின்றன என்று கேட்டு எழுதிவைக்க வேண்டும். சொல்லக்கூடியவர்கள் ஒவ்வொருவராக மவுத்தாகிக்கொண்டிருக்கிறார்கள்.

அடுத்த முறை ஒரு மரச் சித்திரம் எதிர்ப்படும்போது, அது அரண்மனை ஏடாக இருந்தாலும் பத்திரிகைப் படமாக இருந்தாலும், வடிவாக இருக்கிறது என்பதோடு நிறுத்திவிடாமல் இரண்டு விஷயங்களைக் கேட்கலாம். இந்த மரத்தடியில் யாராவது நிற்கிறார்களா? நின்றால் அவருக்குப் பெயர் வைத்தது யார்? நிற்காவிட்டால், கடைசியாக அங்கிருந்து போனவர் யார்?